ஸ்டாட்ஸ் பிடிக்குமா, பிடிக்காதா? ஒரே ஒரு கேள்வி போதாது!

பி.காம், பி.பி.ஏ, உளவியல், சமூகப்பணி, நர்சிங், எம்.பி.ஏ... எந்தப் படிப்பை எடுத்தாலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் புள்ளியியல் வந்து நிற்கும். கணக்குக்குப் பயந்து வணிகவியல் எடுத்தவரும், ‘இனிமேல் கணக்கே வேண்டாம் சாமி’ என்று உளவியலுக்குப் போனவரும் அங்கே மாட்டிக்கொள்வார்கள். பள்ளியிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூவில் ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது.

முதல் வகுப்பில் பல ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “ஸ்டாட்ஸ் யாருக்கெல்லாம் பிடிக்கும்? கை தூக்குங்க!”

முன் பெஞ்சில் நாலு கை எழும். நடு பெஞ்ச் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும். பின் பெஞ்ச் சிரிக்கும். அவ்வளவுதான், ‘இந்த பேட்ச்சுக்கு ஆர்வம் இல்லை’ என்று முடிவாகிவிடும். வருடக் கடைசியில் ஒரு கருத்துப் படிவம் வரும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எல்லாக் கட்டத்திலும் ‘நன்று’ என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டு மாணவர்கள் ஓடுவார்கள். ‘அப்பாடா, ஆர்வம் வந்துவிட்டது’ என்று இன்னொரு முடிவு.

இரண்டு முடிவுகளுமே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை நம்பித்தான் பாடத்திட்டம் கடினமா, ஆசிரியர் சரியில்லையா, மாணவர்களுக்கு ஆர்வம் இல்லையா என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. பயத்தில் தவிக்கும் ஒரு பெண்ணை ‘சோம்பேறி’ என்று எழுதிவிடுவதும் இப்படித்தான் நடக்கிறது. புள்ளியியல் சொல்லித்தரும் வகுப்பிலேயே இவ்வளவு மோசமாகப் புள்ளிவிவரம் சேர்க்கலாமா?

ரப்பர் டேப்பும் குறை கஜக்கோலும்

வந்தவாசி என்றால் கோரைப் பாய். பக்கத்து ஆரணி என்றால் பட்டு. நெசவை நம்பி வாழும் இந்தப் பகுதிக்கு அளவைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சேலையை அளக்க, ரப்பர் போல நீளும் டேப்பை எடுத்தால் என்ன ஆகும்? காலையில் ஐந்தரை மீட்டர் வரும், மாலையில் ஆறு மீட்டர் வரும். சேலை மாறவில்லை. டேப்தான் இழுபடுகிறது. இப்படிப்பட்ட அளவுகோலுக்கு ‘நம்பகத்தன்மை’ இல்லை என்பார்கள்.

இன்னொன்று, இரும்புக் கஜக்கோல். வளையாது, நீளாது. ஆனால், செய்தவர் முனையில் இரண்டு அங்குலம் குறைத்துவிட்டார். பத்து முறை அளந்தாலும் ஒரே விடைதான். பத்து முறையும் தப்பான விடைதான். இதற்கு நம்பகத்தன்மை உண்டு, ‘ஏற்புடைமை’ கிடையாது.

பி.எட்., எம்.எட். படித்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் நன்றாகத் தெரிந்தவை. துணியை அளக்கும் கோலுக்கு இவை இரண்டும் வேண்டும் என்றால், ஒரு மாணவியின் மனதை அளக்கும் கேள்வித்தாளுக்கும் வேண்டும்தானே?

மனதை அளக்க முடியுமா?

முடியும் என்று முதலில் அடித்துச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் தர்ஸ்டன். மனப்பான்மையை அளக்கலாம் என்பதையே தலைப்பாக வைத்து 1928-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் அதை எளிதாக்கினார். ஒரு கூற்றைக் கொடுத்து ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை அது. இன்று கூகுள் ஃபார்மில் நாம் தட்டும் வட்டங்களெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

புள்ளியியல் பாடத்துக்கென்றே தனி அளவுகோல்கள் பிறகு வந்தன. 1980-ல் ராபர்ட்ஸ், பில்டர்பேக் என்ற இருவர் ஒன்றை உருவாக்கினார்கள். ஐந்து வருடம் கழித்து ஸ்டீவன் வைஸ் என்ற ஆய்வாளர் அதில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். அதிலிருந்த பல கூற்றுகள் ‘பாடம் எவ்வளவு புரிந்தது’ என்பதைத்தான் அளக்கின்றன, மனப்பான்மையை அல்ல என்றார். முதல் நாள் வகுப்புக்கு வந்தவரிடம் அதையெல்லாம் கேட்கவும் முடியாது. அதனால் 1985-ல் 29 கூற்றுகளோடு வேறொரு அளவுகோலைத் தந்தார். பாடவேளையைப் பற்றிய எண்ணம் தனி, அந்தத் துறையைப் பற்றிய எண்ணம் தனி என்று அதில் பிரித்தார்.

இந்த வரிசையில் உலகம் முழுக்க அதிகம் பயன்பட்டது, கேண்டஸ் ஷாவ் என்ற பேராசிரியையும் அவர் சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ‘சாட்ஸ்’ அளவுகோல். முதலில் 28 கூற்றுகள், பின்னர் 36. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை பதில். 4 என்றால் நடுநிலை.

ஒரே ‘பிடிக்காது’... உள்ளே ஆறு விஷயங்கள்!

சாட்ஸ்-36 ‘பிடிக்குமா’ என்பதை ஆறாகப் பிரிக்கிறது. பாடத்தை நினைத்தால் எழும் உணர்வு. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை. வாழ்க்கைக்கும் வேலைக்கும் இது உதவும் என்ற மதிப்பு. பாடம் எவ்வளவு கடினம் என்ற எண்ணம். தெரிந்துகொள்ளும் ஆர்வம். போட நினைக்கும் உழைப்பு.

எதற்கு இந்தப் பிரிவினை? வந்தவாசியிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் மூன்று மாணவிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் பெண் தறி வீட்டுப் பெண். வாரக் கூலி எவ்வளவு, ஒரு சேலைக்குச் சராசரியாக எத்தனை நாள் என்பதெல்லாம் வீட்டில் தினமும் ஓடும் கணக்கு. இதன் பயன் அவளுக்குத் தெரியும். ஆனால் போர்டில் சூத்திரம் வந்ததும் ‘இது நமக்கு வராது’ என்று மனம் மூடிக்கொள்கிறது.

இரண்டாவது பெண் தொண்ணூறு மார்க் வாங்குகிறாள். ஆனால், ‘திட்டவிலக்கம் கண்டுபிடிச்சு நான் என்ன பண்ணப்போறேன்?’ என்கிறாள்.

மூன்றாவது பெண்ணுக்குப் பாடமும் புரிகிறது, பயனும் தெரிகிறது. பரீட்சை ஹாலில் கால்குலேட்டரைத் தொட்டால் மட்டும் கை நடுங்குகிறது.

‘ஸ்டாட்ஸ் பிடிக்குமா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு மூவரும் ‘பிடிக்காது’ என்றே எழுதுவார்கள். கல்லூரியில் உடனே ‘புள்ளியியலின் பயன்கள்’ என்று ஒரு சிறப்புச் சொற்பொழிவு வைத்தால், அது இரண்டாவது பெண்ணுக்கு மட்டும்தான் உதவும். முதல் பெண்ணுக்குத் தேவை, சின்னச் சின்னப் படிகளாகப் போட்டுக் காட்டும் கணக்குகள். மூன்றாவது பெண்ணுக்குத் தேவை, மார்க் இல்லாத சில பயிற்சித் தேர்வுகள்.

மனப்பான்மையை அளந்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பாடத்தின் மீதான உணர்வுக்கும், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கும், வாங்கும் மதிப்பெண்ணுக்கும் மிதமான தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பாடத்தின் பயனை உணர்வதற்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு அதைவிடக் குறைவு. ‘இது ரொம்ப முக்கியமான பாடம்மா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது மட்டும் ஏன் பலன் தருவதில்லை என்பது இதிலிருந்து ஓரளவு புரியும்.

ஒரு சோறு பதம் பார்க்காதே!

‘அதுக்காக 36 கேள்வியா?’ என்று தோன்றலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்தது அது. மனம் அப்படி இல்லை. நேற்று டெஸ்ட்டில் 12 மார்க் வாங்கியவருக்கு இன்று எதுவும் பிடிக்காது. நாளை லீவு என்றால் எல்லாமே பிடிக்கும்.

ஒரே விஷயத்தைப் பல கோணங்களில் கேட்டால், இப்படி ஏறி இறங்கும் சமாச்சாரங்கள் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துகொள்ளும். எவ்வளவு சமனாகும் என்பதற்குக் கணக்கே உண்டு. 1910-ல் ஸ்பியர்மேன், பிரவுன் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த சூத்திரம் அது. நம்பகத்தன்மையை 0 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்வார்கள். ஐந்து கூற்றுகள் கொண்ட ஒரு பகுதிக்கு அது 0.60 என்று வையுங்கள். அதே தரத்தில் இன்னும் ஐந்து கூற்றுகள் சேர்த்தால் 0.75 ஆகும். 15 ஆக்கினால் சுமார் 0.82. முதல் ஐந்து சேர்த்தபோது கிடைத்த லாபம், அடுத்த ஐந்தில் பாதிதான். எனவே நூறு கேள்வி கேட்டு மாணவர்களைக் கொட்டாவி விட வைப்பதிலும் அர்த்தமில்லை.

இன்று ஆய்வறிக்கைகளில் அதிகம் காணப்படும் எண் ‘ஆல்ஃபா’. லீ குரோன்பாக் 1951-ல் பிரபலப்படுத்தியது. ஒரு பகுதியின் கூற்றுகளுக்கு மாணவர்கள் தரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அது சொல்லும். 0.70-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது புழக்கத்தில் உள்ள வழக்கம்.

ஆனால், இதிலும் ஒரு ஏமாற்று வேலை சாத்தியம். ‘எனக்கு ஸ்டாட்ஸ் பிடிக்கும்’, ‘ஸ்டாட்ஸ் எனக்குப் பிடித்த பாடம்’, ‘ஸ்டாட்ஸ் பாடத்தை எனக்குப் பிடிக்கிறது’ என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டால் ஆல்ஃபா 0.95 கூட வரும். அது புதிதாக எதையும் அளக்கவில்லை. இரும்புக் கஜக்கோல் கதைதான்.

ஆல்ஃபா தவிர வேறு சோதனையும் உண்டு. அதே வகுப்பிடம் இரண்டு வாரம் கழித்து, நடுவில் பரீட்சை எதுவும் இல்லாதபோது, அதே படிவத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலோர் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஆள் தாறுமாறாக மாறினால், டேப் ரப்பர்!

‘பயம்’ என்றால் என்ன பயம்?

ஆங்கிலத்தில் செய்த அளவுகோலை அப்படியே தமிழாக்கிவிட்டால் வேலை முடியுமா? இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் வருகின்றன.

‘பயம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாத்தியார்னா ஒரு பயம் இருக்கணும்’ என்று வீட்டில் சொல்லும்போது அது மரியாதை. ‘ஸ்டாட்ஸ் என்றால் எனக்குப் பயம்’ என்ற கூற்றுக்கு நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட ‘ஆமாம்’ என்று போடலாம். ‘பயந்து படிக்கிறேன்’ என்பது அந்தப் பிள்ளைக்குப் பெருமை. ‘கஷ்டம்’ என்பதும் அப்படித்தான். கஷ்டமான பாடத்தைப் படிக்கிறோம் என்ற கர்வமும் அதற்குள் இருக்கலாம்.

‘புள்ளியியல்’, ‘புள்ளிவிவரம்’ இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கிரிக்கெட் ஸ்கோர் பட்டியல் பிடிக்கும் என்பதற்காக ‘புள்ளியியல் பிடிக்கும்’ என்று குறிப்பவரும் உண்டு. எதிர்மறைகள் இன்னும் ஆபத்து. ‘ஸ்டாட்ஸ் எனக்குப் புரியாமல் இல்லை’ என்ற கூற்றுக்கு ‘மறுக்கிறேன்’ என்றால் புரிகிறதா, புரியவில்லையா? படிப்பவர் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். நிற்க நேரமில்லாதவர் நடுவில் உள்ள வட்டத்தைத் தட்டிவிடுவார்.

எதிர்மறைக் கூற்றுகளே வேண்டாம் என்பதல்ல. எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் பழக்கத்தைக் கண்டுபிடிக்க அவை வேண்டும். ‘ஸ்டாட்ஸ் வகுப்பு எனக்கு எரிச்சல் தருகிறது’ என்பது போல நேரடியாக இருந்தால் போதும். கூட்டும்போது இந்த மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 7 புள்ளி அளவில் 8-லிருந்து கழித்தால் சரி: 7 என்பது 1 ஆகும், 6 என்பது 2 ஆகும். இதை மறந்துவிட்டு, ‘மாணவர்கள் முரண்பட்டுப் பேசுகிறார்கள்’ என்று மாணவர்கள் மீது பழி போடுவது எளிதில் நடக்கக்கூடிய தவறு.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ஒரு வழி: ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவது. இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகாத இடத்தில் தமிழைத் திருத்த வேண்டும். அதைவிட எளிய வழி, ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, ‘இந்த வரியைப் படிச்சதும் உனக்கு என்ன தோணுச்சு?’ என்று கேட்பது. அரை மணி நேர வேலை. பல வாரத் தவறுகளைத் தடுக்கும்.

ரோல் நம்பர் எழுதச் சொன்னால்...

கூற்றுகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், படிவத்தின் தலையில் ‘பெயர், ரோல் நம்பர்’ என்று இருந்தால் கதை முடிந்தது. இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரிடமே, ‘உங்கள் பாடம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதித்தர எந்த மாணவருக்குத் துணிச்சல் வரும்? கூகுள் ஃபார்ம் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டாலும் அதே பயம்தான்.

பெயரே வேண்டாம் என்றால் இன்னொரு சிக்கல். ஜூலையில் 3 போட்டவர் நவம்பரில் 5 போட்டாரா என்று எப்படி ஒப்பிடுவது? இதற்கு ஆய்வாளர்கள் கையாளும் வழி, மாணவரே உருவாக்கும் ரகசியக் குறி. அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி (மாதம், வருடம் வேண்டாம்), அம்மா போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் என்று மூன்றையும் சேர்த்து எழுதச் சொன்னால் போதும். நாலு மாதம் கழித்தும் மறக்காது. படிவங்களைப் பாடம் எடுக்காத வேறொருவர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மதிப்பெண் பட்டியல் வெளியான பிறகே பாட ஆசிரியர் முடிவுகளைப் பார்ப்பார் என்று முதலிலேயே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் ‘நாக்’ அமைப்பு 2017-ல் மாணவர் திருப்தி ஆய்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. படிவம் நிரப்புவது அதனால் சடங்காகிவிடும் ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது. ‘நல்லதா போடுங்கப்பா, காலேஜ் பேரு முக்கியம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்த ஆல்ஃபாவும் அந்தத் தாள்களைக் காப்பாற்றாது.

சராசரி போடும் வேஷம்

சரி, நேர்மையாகப் பதில்கள் வந்துவிட்டன. அடுத்து என்ன? சராசரி போடுவார்கள். அங்கேயும் பள்ளம் இருக்கிறது.

40 பேர் வகுப்பில் 20 பேர் 7, 20 பேர் 1 போட்டால் சராசரி 4. எல்லோரும் 4 போட்டாலும் சராசரி 4. முதல் வகுப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, இரண்டாவது வகுப்பு தூங்குகிறது. ஒரே மருந்தா கொடுப்பது?

இதைவிடச் சூட்சுமமான ஒன்று உண்டு. 60 பேர் வகுப்பு. ஜூலையில் 45 பேரின் சராசரி 4.5, மற்ற 15 பேரின் சராசரி 2.5. மொத்தச் சராசரி 4. நவம்பரில் அந்த 15 பேரும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மீதி 45 பேர் எள்ளளவும் மாறவில்லை. ஆனால் புதுச் சராசரி 4.5! ‘மனப்பான்மை அரைப் புள்ளி உயர்ந்தது’ என்று அறிக்கை எழுதலாம். உண்மையில் நடந்தது, 15 பிள்ளைகளை இழந்தது. இரண்டு முறையும் பதில் சொன்னவர்களை மட்டும் தனியாக ஒப்பிட வேண்டும், வராமல் போனவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

நேர்மையாக அளந்தால் கசப்பான முடிவும் வரும். ஷாவும் எமியோக்லுவும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் அறிமுகப் புள்ளியியல் படித்த சுமார் 2,200 மாணவர்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தார்கள். உணர்வு, தன்னம்பிக்கை, கடினம் பற்றிய எண்ணம் மூன்றும் பெரிதாக மாறவில்லை. மதிப்பு, ஆர்வம், உழைப்பு மூன்றும் குறைந்திருந்தன! ஒரு செமஸ்டர் படித்த பிறகு ஆர்வம் குறைந்தது என்பது எந்த ஆசிரியருக்கும் உறைக்கும் செய்தி.

ஆனாலும் அந்த ‘உழைப்பு’ எண்ணைக் கொஞ்சம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். முதல் நாளில் ‘நான் கடுமையாக உழைப்பேன்’ என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? தொடக்கத்திலேயே உச்சத்தில் இருக்கும் எண், அடுத்த முறை இறங்கத்தான் முடியும். இப்படிப்பட்ட கேள்விகளை எழுப்பி, சாட்ஸ் அளவுகோலையே மறுபரிசீலனை செய்யும் வேலையிலும் ஆய்வாளர்கள் இறங்கியிருக்கிறார்கள். அளவுகோலையும் அவ்வப்போது அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

வகுப்பறையில் நாளைக்கே என்ன செய்யலாம்?

எல்லாக் கல்லூரியிலும் 36 கூற்றுகளும் கணினி அலசலும் சாத்தியமில்லை. உணர்வு, நம்பிக்கை, மதிப்பு என்ற மூன்றுக்கு மட்டும் தலா ஐந்து எளிய கூற்றுகள் போதும், தொடங்கலாம். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரம் ஒருமுறை, கடைசி வாரத்துக்கு முன் ஒருமுறை. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்காமல் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இவ்வளவு சிறிய படிவம், ஒரு வகுப்பின் பொதுவான போக்கைக் காட்டத்தான் உதவும். ‘இந்தப் பொண்ணுக்கு 2.8, இவ தேற மாட்டா’ என்று தனி ஒருவர் மீது முத்திரை குத்த அல்ல. தனிப்பட்ட ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் வழி.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. ‘எனக்கும் கணக்கு வராது, எம்பொண்ணுக்கும் வராது’ என்று உறவினர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம், ‘என்னால் முடியும்’ என்ற பகுதியில்தான் போய் விழுகிறது. அதற்குப் பதில், மாதச் செலவுப் பட்டியலைக் கையில் கொடுத்து, ‘போன மாசத்தை விட எதுல ஏறியிருக்கு, பாரு’ என்று கேட்கலாம். பாய் ஆர்டர், மழையளவு, பஸ் தாமதம் என்று வந்தவாசியில் புள்ளியியலுக்கு உதாரணங்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

மிக முக்கியமானது, வந்த முடிவை அந்த வகுப்புக்கே திருப்பிச் சொல்வது. ‘உங்களில் பாதிப் பேர் சூத்திரத்தைக் கண்டால் தடுமாறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கணக்குப் போட்டுப் பார்க்க மட்டும்’ என்று ஆசிரியர் சொன்னால், அடுத்த முறை படிவத்தில் பொய் டிக் குறையும்.

இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப்படும் மஹலனோபிஸ் பிறந்த ஜூன் 29-ஐ, 2007 முதல் புள்ளியியல் தினமாக நாடு கொண்டாடுகிறது. வினாடி வினா, கோலப் போட்டியோடு இந்த முறை இன்னொன்றையும் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் எழுதாத 15 கேள்விகள், அதற்கு ஒதுக்கும் பத்து நிமிடம், வந்த பதிலைப் பார்த்து ஏதாவது ஒன்றை மாற்றும் மனசு.